அர்ச். யோசே வாஸ் சுவாமியாரும் கண்டி நகரின் வைசூரியும்

ஜனவரி மாதம் 16-ந் தேதி அர்ச். யோசே வாஸ் சுவாமியாரின் திருநாள். கொள்ளைநோய்க் காலத்தில் அர்ச். செபஸ்தியாரை மன்றாடுவது நம்மவர் வழக்கம்; அவருடைய திருநாளும் நான்கு நாள் கழித்து 20-ந் தேதி வந்துவிடுகிறது. அந்தச் சந்தடியில் வாஸ் சுவாமியாரை நமது பங்கில் நினைப்பவர் சிலரே. ஆனாலும் 2020-ம் ஆண்டில் கோவில் கதவு சாத்தியிருக்க, தெருமுனையில் தகரம் அடைத்திருக்க, வீட்டுக்குள்ளேயே நாட்களை எண்ணிய இராயபுரத்தாருக்கு அவருடைய ஜீவியம் அந்நியமாய்த் தோன்றாது.

அவர் கோவா நாட்டில் பெனோலிம் என்னும் ஊரில் 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி பிறந்தார். கொங்கணி பேசும் பக்தியுள்ள குடும்பம். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். சில வருஷம் கன்னட நாட்டில் ஞான வேலை செய்தபின் கோவாவுக்குத் திரும்பி, அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய குருக்களின் சிறு கூட்டத்தில் சேர்ந்தார். இலங்கைத் தீவின் கிறிஸ்தவர்களுக்குக் குருவே இல்லை என்ற செய்தி அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

1658-ல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டு, குருவை மறைத்து வைப்பவருக்கும் தண்டனை உண்டு என்று சட்டம் போட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைபூசுதல் இல்லை. வீட்டில் தாயும் தகப்பனும் சொல்லிக்கொடுத்த செபம் ஒன்றே மிச்சம். சில மாதம் பூசையில்லாமல் நாம் பட்ட வருத்தத்தை நினைத்தால் இது எவ்வளவு நீண்ட காலமென்று தெரியும்.

1687-ம் ஆண்டு வாஸ் சுவாமியார் கூலியாள் வேஷம் பூண்டு, யுவாம் என்ற வாலிபனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறினார். அங்கியில்லை, மிதியடியில்லை. காற்றும் கடலும் எதிர்த்த அந்தப் பிரயாணம் எப்படிப்பட்டதென்று காசிமேட்டாருக்கு நாம் விவரிக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது இருவர் உடம்பிலும் பலமில்லை. சேர்ந்தவுடன் கடுமையான சீதபேதி கண்டது.

இவ்விடத்தில்தான் அவருடைய சரித்திரத்தை நாம் நிறுத்திப் படிக்கவேண்டும். ஊரார் அது தொற்றுநோய் என்று பயந்தார்கள். முகம் தெரியாத இரண்டு பிச்சைக்காரர் ஊரின் நடுவில் கிடந்து சாவதை யார் விரும்புவார்? இருவரையும் ஊருக்கு வெளியே ஆளில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே அவர்கள் கதை முடிந்திருக்கும். ஆனால் இரக்கமுள்ள ஒரு ஸ்திரீ அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவந்தாள் என்று அவருடைய ஜீவிய சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அவர் குருவென்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கஞ்சியால் இருவரும் பிழைத்தார்கள்.

குணமானபின் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாய்ப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறதென்று கவனித்தார். அப்படியே விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். தமிழ் படித்தார். சில்லாலைக் கிராமத்தில் தங்கி, இருட்டியபின் வீடுகளில் பூசை செய்து, விடியுமுன் வேறிடம் போய்விடுவார். ஒல்லாந்தர் தேடுதல் மிகுந்தபடியால் பின்பு புத்தளம் போய், 1692-ல் கண்டி இராச்சியத்தின் தலைநகரை அடைந்தார். அங்கேயும் நல்வரவேற்பில்லை. போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கோள் சொல்ல, சிறையில் அடைக்கப்பட்டார். பிறகு ஒரு கடும் வறட்சியில் அவர் வேண்டுதலால் மழை பெய்ததென்றும், அதுமுதல் இராஜாவின் தயவு அவருக்குப் பெருகியதென்றும் சொல்லப்படுகிறது. இராஜா இரண்டாம் விமலதர்மசூரியன் புத்த மதத்தவர், நியாயமுள்ளவர்.

1697-ல் கண்டியில் வைசூரி பரவியது. இந்த வியாதியை இன்றைய வாலிபர் கண்ணால் கண்டதில்லை. முதலில் கடும் சுரம். இரண்டு மூன்று நாளில் வாயிலும் தொண்டையிலும் புண். பிறகு முகமும் உடம்பும் முழுதும் சீழ்க்கொப்புளம். சோற்றை விழுங்க முடியாது. நீர்க்கஞ்சியும் தண்ணீரும்தான் இறங்கும். கிட்ட இருப்பவரின் மூச்சாலும், சீழ்பட்ட துணியாலும் அது தொற்றும். கண்டவரில் பத்துப் பேருக்கு மூன்று பேர் மரிப்பதுண்டு. பிழைத்தவரில் சிலருக்குக் கண் போய்விடும். ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் அம்மைப்பால் வைக்கும் முறையைக் கண்டது 1796-ல். அதாவது கண்டியில் நோய் வந்து 99 வருஷம் சென்றபின்.

பயம் நகரத்தைப் பிடித்தது. அரண்மனையாரும் வசதியுள்ளவரும் நகரை விட்டுப் போனார்கள். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பாரில்லை. மரித்தவர்களைப் புதைப்பாரில்லை.

வாஸ் சுவாமியார் போகவில்லை. கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த யோசே கர்வாலியோ சுவாமியாரும் அவருடன் நின்றார். இருவரும் காட்டில் கிடந்தவர்களைத் தேடிப் போய், தங்குவதற்குக் குடிசை நிழல் உண்டாக்கி, உணவும் தண்ணீரும் ஊட்டி, புண்களைக் கழுவினார்கள். கிறிஸ்தவரா, புத்த மதத்தவரா என்று பார்க்கவில்லை. செத்தவர்களைத் தாங்களே சுமந்து அடக்கம் செய்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஊருக்கு வெளியே கிடந்து கஞ்சி குடித்துப் பிழைத்தவர், இப்போது ஊருக்கு வெளியே கிடப்பவர்களுக்குக் கஞ்சி சுமந்து போகிறார். அவர் மனதில் அப்போது என்ன இருந்ததென்று நாம் எழுதத் துணியோம்.

கண்டியார் நோயாளியைப் பிரித்து வைத்தது குற்றமா? தொற்றுநோயில் பிரித்துவைப்பது அவசியமே. நம் ஊரிலும் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் அந்நியர் உள்ளே வரமாட்டார். ஆனால் உள்ளே பாயருகில் ஒருவர் இருப்பார், இளநீரும் கூழும் தவறாது. கண்டியில் அந்த ஒருவர் இல்லாமற்போனதே குற்றம். வாஸ் சுவாமியாரைப்போல் எல்லாரும் நோயாளியிடம் ஓடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வைத்தியர்கள் சொன்னபடி வீட்டில் ஒருவர் பணிவிடை செய்ய, மற்றவர்கள் விலகியிருப்பதே சரி. விலகியிருந்தவர்களுக்கும் அன்று வேலை இருந்தது.

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னை மண்டலங்களுக்குள் இராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று மிக அதிகம். ஒரே அறையில் ஆறேழு பேர் குடியிருக்கும் சந்துகளில் விலகியிருப்பது எப்படி? துறைமுகம் ஓய்ந்து, வலை காய்ந்து, கூலியில்லாத வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அப்படியிருந்தும் நோய் கண்ட வீட்டு வாசற்படியில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, குரல் கொடுத்து, பத்தடி தள்ளி நின்ற அக்கம்பக்கத்துப் பெண்களை நமது தெருக்கள் அறியும். அவர்களில் பலருக்கே அன்று அரைவயிறுதான். வெட்கப்படவும் காரியமுண்டு. அதே ஆண்டு ஏப்ரலில், தொற்றால் மரித்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் இந்த நகரத்திலேயே ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கண்டியில் நடந்ததைப் படித்து நாம் முகம் சுளிக்குமுன் இதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

நோய் தணிந்தபின் இராஜாவின் மரியாதை இன்னும் உயர்ந்தது. தடையின்றிப் போதிக்க உத்தரவு கிடைத்தது. கோவாவிலிருந்து வேறு குருக்கள் வந்தார்கள். அவர்களில் 1705-ல் வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் ஞானப் புத்தகங்கள் எழுதினார். வாஸ் சுவாமியாரோ ஊர் ஊராய் நடந்து தேய்ந்து, 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி கண்டியில் மரித்தார். வயது 59. 1995-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு நகரில் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள். கண்டியில் அவரை அடக்கம் செய்த கோவில் பிற்காலத்தில் அழிந்துபோயிற்று. அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று ஒருவருக்கும் தெரியாது.