அலெக்சாந்தர் கிரகாம் பெல்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால், அலெக்சாந்தர் கிரகாம் பெல் என மாணவர் பலரும் விடை பகர்வர். ஆனால் அவரோ, செவிப்புலன் இழந்தோரின் ஆசிரியர் என்று தம்மைக் கூறிக்கொள்வதையே பெரிதும் விரும்பினார்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார், ஒலி பிறக்கும்போது நாவும் இதழும் நிற்கும் நிலைகளைக் குறிகளால் எழுதும் முறையை வகுத்த அறிஞர். அன்னையாருக்கோ செவிப்புலன் குன்றியிருந்தது. பெல் அவருடைய நெற்றியருகே வாய் வைத்து மெல்லப் பேசுவார். அவ்வதிர்வால் அன்னையார் மகனின் சொற்களை உணர்ந்துகொள்வார்.

இளமையில் பெல்லும் அவர்தம் தமையனாரும் மிடறு, நா, இதழ் முதலிய உறுப்புகளைப் போலச் செய்து, பேசும் பொறியொன்றை அமைத்தனர். காற்றை ஊதியதும், குழந்தை தாயை அழைப்பது போன்ற ஒலி அதனின்று எழுந்தது.

உடன்பிறந்தார் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்த பெல், 1870இல் பெற்றோருடன் கனடா நாட்டிற்குச் சென்றார். மறு ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆசிரியப் பணி ஏற்றார். தாம் கேட்டறியாத ஒலிகளையும் நாவால் எழுப்புமாறு, தந்தையாரின் குறிகளைக் கொண்டு மாணவரைப் பயிற்றினார். கற்பித்தலோடு, மின்சாரத்தின் வழியே ஒலியை அனுப்பும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். அதன் பயனாக 1876இல் தொலைபேசி தோன்றியது.

செல்வமும் புகழும் வந்த பின்னும் அவர் தம் பணியை மறந்தாரல்லர். பார்வையும் செவிப்புலனும் இழந்த சிறுமி எலன் கெல்லரை 1886இல் தந்தையார் அவரிடம் அழைத்து வந்தார். பெல் காட்டிய வழியே அக்குழந்தைக்குத் தக்க ஆசிரியை வாய்த்தார்.

எனினும், வாய்ப்பேச்சே சிறந்தது எனக் கருதிய பெல், சைகை மொழியால் கற்பிப்பதை எதிர்த்தார். அதனால் செவிப்புலன் இழந்தோர் பலர் மனம் வருந்தினர். சைகை மொழியும் நிறைவுடைய மொழியே என்பது இன்று அறிஞர் கண்ட உண்மை. உதவ விரும்புவோர், உதவி பெறுவோரின் உள்ளத்தையும் அறிதல் வேண்டும்.

பெல் 1922ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் மறைந்தார். அவரது அடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஒலியடங்கி நின்றன.

அன்று சிறுவர் இருவர் முயன்ற செயலை இன்று கணினி செய்கிறது. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்னும் செயலியில், பேச இயலாத குழந்தை படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல் ஒலிக்கிறது. தாயை அழைக்கவும் தன் பசியைத் தெரிவிக்கவும் அக்குழந்தைக்கும் ஒரு குரல் கிடைத்துவிட்டது.