நாமக்கல் லாரி மாதிரியே சேஸிஸ் தனி, பாடி தனி... மெட்ராஸ் ‘ஹெரால்டு’ காரை வரைந்த மிக்கெலோட்டி யார்?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. கம்பெனியிலிருந்து லாரி முழுசாக வராது. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங்கோடு வெறும் சேஸிஸ் மட்டும் வரும். கேபின், பலகை, பெயின்ட் எல்லாம் இங்கே உள்ள பட்டறைகளில்தான் ஏறும். பாடி பழசானால் கழற்றிவிட்டு வேறு பாடி கட்டிக்கொள்ளலாம்.

கார் விஷயத்தில் இது நடக்காது. இப்போதைய கார்களில் பாடியே எலும்புக்கூடு, இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் 1960-களில் மெட்ராஸில் தயாராகி சேலம், நாமக்கல் ரோடுகளிலும் ஓடிய ஒரு கார் அப்படிப் பிரியும். அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றைக்கும் பழைய கார் பிரியர்கள் அதைத் தேடிப் பிடித்து டிங்கரிங் பார்க்கிறார்கள், சஸ்பென்ஷனை மாற்றுகிறார்கள். இதே சேஸிஸைக் கொஞ்சம் சுருக்கித்தான் பிரிட்டனில் ‘ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்’ என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது.

இரண்டுக்கும் உடம்பு வரைந்தவர் ஒரே ஆள். பெயர் ஜியோவன்னி மிக்கெலோட்டி.

பெயரே வராத டிசைனர்

1921 அக்டோபர் 6-ம் தேதி இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே ஸ்டாபிலிமெந்தி ஃபரினா என்ற கார் பாடி கட்டும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். டூரின் அந்தக் காலத்தில் நம்ம நாமக்கல் மாதிரிதான். பணக்காரர்கள் சேஸிஸ் வாங்கிக் கொடுத்தால் பாடி கட்டித் தர வரிசையாகப் பட்டறைகள் இருந்தன. என்ன, அங்கே வந்தவை ஃபெராரி, மசராட்டி!

1949-ல் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார். விஞ்ஞாலே, அல்லெமானோ, கியா என்று ஊரில் இருந்த பல பட்டறைகளுக்கும் வரைந்து கொடுத்தார். 1950-களின் தொடக்கத்தில் விஞ்ஞாலே பட்டறை கட்டிய பல ஃபெராரிகள் இவர் கை வரைந்தவைதான். ஆனால் காரில் ஒட்டும் பேட்ஜ் பட்டறையுடையது. வரைந்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. இன்றைக்குப் பல கோடிக்கு ஏலம் போகும் கார்கள் அவை. இவர் மொத்தம் வரைந்தது ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

ஹெரால்டு எப்படிப் பிறந்தது?

1957-ல் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் ஒரு சிக்கலில் இருந்தது. புதிய சின்ன கார் வேண்டும். ஆனால் பாடி அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அவர்களுக்குப் பாடி செய்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953-லேயே வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே திரும்பினார்கள். சேஸிஸ் தனி. பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து கொண்டுவந்து போல்ட் போட்டு இணைப்பது.

வடிவம்தான் அமையவில்லை. உள்ளூர் டிசைனர்கள் செய்த மாடல்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர், மிக்கெலோட்டியிடம் போய் நின்றார். சில நிமிடங்களில் மொத்தக் காரையும் அவர் வரைந்து காட்டிவிட்டார் என்பது கார் உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. நிமிடக்கணக்கு கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். அவர் வேகத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளியானது. முன்பக்க பானெட் முழுவதும், மட்கார்டு உட்பட, அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் வேலை பார்க்க டயர் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். வெறும் 25 அடிக்குள் திரும்பிவிடும். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப இதைவிட வேறென்ன வேண்டும்?

மெட்ராஸுக்கு வந்த கார்

1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் – பெருங்களத்தூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961-ல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. அம்பாசடர், ஃபியட் தவிர வேறு கார் பார்க்காத காலம். இரண்டு கதவோடு, சின்னதாக, துறுதுறுவென்று இருந்த ஹெரால்டு தனியாகத் தெரிந்தது. பிரிட்டனில் கடைசிவரை வராத நான்கு கதவு ஹெரால்டு பிறகு இந்தியாவில் மட்டும் வந்தது. எஞ்சின் அதே 948 சிசி.

ஆனால் பின்பக்கச் சக்கரம்தான் இங்கே பிரச்னை ஆனது.

பின் சக்கரம் ஏன் மடங்கியது?

லாரியில் இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே கனமான அச்சு இணைக்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃப்ரன்ஷியல் சேஸிஸில் இறுகி நிற்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் பாதி அச்சு. ஒவ்வொன்றும் உள்பக்க ஜாயிண்டில் மட்டும் மடங்கும். மேலே குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக்கட்டு. இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். குண்டும் குழியுமான ரோட்டில் இது சொகுசு. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இன்னொன்றுக்குத் தெரியாது.

சிக்கல் வளைவில். சக்கரம் மேலே கீழே போகும்போது அதன் சாய்வும் மாறும். வேகமாக வளைவுக்குள் போய் பயந்து சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். உடனே வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயர் ஓரத்தில் நிற்கும், பிடி போய்விடும், வால் சுழன்றுவிடும். பயத்தில் எல்லோரும் செய்வது காலை எடுப்பதுதான் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இது மிக்கெலோட்டி செய்த தப்பு இல்லை. அவர் வரைந்தது உடம்பு. கால்கள் வெப்ஸ்டர் குழுவுடையவை, செலவைக் குறைக்கச் செய்தவை. ஆனால் அந்த உடம்பு அழகாக இருந்ததால் வேகமாக ஓட்டத் தோன்றியது என்பதும் உண்மை.

தூசித் துணிக்கு அடியில் ஸ்பிட்ஃபயர்

ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கி இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் மிக்கெலோட்டி செய்து வைத்திருந்தார். கம்பெனியில் காசு இல்லை, அதைத் துணி போட்டு மூடி ஓரமாக வைத்துவிட்டார்கள். 1961-ல் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபை லேலண்ட் வாங்கியது. நம்ம எண்ணூர் அசோக் லேலண்டில் பங்கு வைத்திருந்த அதே லேலண்ட்தான். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த லேலண்ட் அதிகாரி துணியைத் தூக்கிப் பார்த்தார். 1962 அக்டோபரில் அது ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. மொத்தம் 3,14,000-க்கு மேல் விற்றது.

பின் சக்கரக் கதை அதிலும் தொடர்ந்தது. 1970-ல் வந்த நான்காவது மாடலில்தான் தீர்வு கிடைத்தது. பட்டைக்கட்டில் பெரும்பாலான பட்டைகளை டிஃப்ரன்ஷியல் மேல் இறுக்காமல், நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டார்கள். வளைவில் பின்பக்கம் எழும்புவது குறைந்தது. முன்பக்க ஆன்டி-ரோல் பாரும் கனமானது. அதே மாடலுக்குப் புது உடம்பு வரைந்ததும் மிக்கெலோட்டிதான். பழைய ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இன்றும் முதலில் செய்யும் சஸ்பென்ஷன் மாற்றம் இந்த ஊஞ்சல் பட்டைதான்.

மெட்ராஸ் வேறு வழி பிடித்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்கு இந்தியாவிலேயே புது பாடி வரைந்து ‘கெஸல்’ என்று வெளியிட்டார்கள். ஸ்விங் ஆக்சிலை மொத்தமாகத் தூக்கிவிட்டு லாரி மாதிரி ஒரே அச்சு போட்டார்கள். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழையது பிடிக்கவே இல்லை என்பதும் ஒரு காரணம். சொகுசு கொஞ்சம் குறைந்தது, ஆனால் எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடிந்தது. கெஸல் 1977 வரை, மிகக் குறைவாகவே தயாரானது. நிறுவனத்தின் கார் உற்பத்தியே 1980-களின் இறுதியில் நின்றுபோனது.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

முன் சக்கரத்தில் கீழே ட்ரன்னியன் என்று பித்தளை மூட்டு ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் போட வேண்டும். போடாமல் விட்டால் துருப்பிடித்து ஓடும்போதே உடையும், சக்கரம் மடங்கிவிடும். பெயின்ட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்பிட்ஃபயர் என்றால் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியும் பாரம் தாங்குவது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடாது.

லாரிக்கும் வரைந்தார்

ட்ரையம்ஃப் டிஆர்4, டிரையம்ஃப் 2000, திவாலாகும் நிலையில் இருந்த பிஎம்டபிள்யூவைக் காப்பாற்றிய பிஎம்டபிள்யூ 700, ஜப்பானின் ஹினோ கான்டெஸா என்று பட்டியல் நீளும். பழைய ட்ரையம்ஃப் 2000 ஒன்றை வெப்ஸ்டரிடம் கேட்டு வாங்கி, கூரையை வெட்டிக் கண்காட்சிக்குத் தயார்செய்தார். பிடித்திருந்தால் தானே எடுத்துக்கொள்வேன் என்று வெப்ஸ்டர் முன்பே நிபந்தனை போட்டிருந்தார். பிடித்துவிட்டது. 1970-ல் அது ‘ஸ்டாக்’ காராக வந்தது.

நாமக்கல்காரர்களுக்கு இது பிடிக்கும்: லேலண்டின் கிளையான ஸ்கேமல் நிறுவனத்தின் லாரிகளுக்கு ஃபைபர் கேபின் வரைந்ததும் இவர்தான்.

1980 ஜனவரி 23-ம் தேதி டூரினில் புற்றுநோயால் இறந்தபோது மிக்கெலோட்டிக்கு வயது 58. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஸ்பிட்ஃபயர் உற்பத்தியும் நின்றது. அவர் கடைசியாக வரைந்த ரிலையன்ட் எஸ்எஸ்1 என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1984-ல்தான் வெளிவந்தது. கீழே தனி இரும்புச் சட்டம், மேலே துண்டு துண்டாக பிளாஸ்டிக் பாடி. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி சரியாகப் பொருந்தவில்லை என்று விமர்சித்தார்கள். அதைச் சரிசெய்ய, வரைந்தவர் உயிரோடு இல்லை.