நீதியரசர் பதஞ்சலி சாஸ்திரி

பெரார்கஞ்சிலிருந்து தில்லிக்குச் செல்லக் கடலைக் கடக்க வேண்டும். ஆயினும், அடிப்படை உரிமை ஒன்று பறிக்கப்பட்டால், இங்கு வாழும் ஒருவர் தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றத்தை நேரே நாடலாம். முதலில் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இதனை 1950ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தித் தீர்ப்பு எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி.

அவர் 1889 ஜனவரி 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிருஷ்ண சாஸ்திரி சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் வடமொழிப் பண்டிதராக விளங்கியவர். மகனோ சட்டம் பயின்று, 1914இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞரானார். கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் பலர் தம் வழக்குகளை அவரிடம் ஒப்படைத்தனர். வருமான வரிச் சட்டம் அவருக்குக் கைவந்த துறையாயிற்று. ஒரு சொல் இடம் மாறினாலும் பொருள் மாறிவிடும் துறை அது. சட்டத்தின் சொற்களை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. 1939இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1947 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார்.

1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கப்பெற்றது. முதல் நீதிபதிகள் அறுவருள் அவரும் ஒருவர். அந்நாளில் நீதிமன்றத்துக்கெனத் தனிக் கட்டடம் இல்லை; நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு மண்டபத்திலேயே அது கூடியது. சட்டம் இயற்றும் அவையும், அச்சட்டம் செல்லுமா என ஆராயும் மன்றமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன!

அவ்வாண்டு மே மாதத்தில் இரண்டு பெரிய வழக்குகள் முடிவுக்கு வந்தன. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அதற்கு இடந்தரும் சட்டம், ஒரு பிரிவு நீங்கலாக, செல்லும் என்று மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். சாஸ்திரியும் அவர்கள் பக்கமே நின்றார். இன்று படிப்போர்க்கு அம்முடிவு கடுமையாகவே தோன்றும். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றமே அக்கருத்திலிருந்து விலகிச் சென்றது.

ஏழே நாளில் மற்றொரு தீர்ப்பு வந்தது. ரொமேஷ் தாப்பர் என்பவர் பம்பாயில் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழை நடத்தினார். அரசின் கொள்கைகளைக் குறைகூறிய அவ்விதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது எனச் சென்னை அரசு தடை விதித்தது. தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் சென்றார். உயர் நீதிமன்றத்துக்கன்றோ முதலில் போயிருக்க வேண்டும் என்றது அரசுத் தரப்பு. சாஸ்திரி அதனை ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகளைக் காப்பதற்கென்றே அமைந்த மன்றம், காக்க வேண்டி வந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது என்று விளக்கினார்.

அத்துடன் நிற்கவில்லை. கப்பலில் வரும் செய்தித்தாளைத் துறைமுகத்திலேயே தடுத்துவிட்டால், அதை அச்சிட்டும் பயன் என்ன? கருத்தைக் கூறும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்றார். அரசின் பாதுகாப்புக்கே ஊறு நேருமாயின் தடை விதிக்கலாம். பொது அமைதி என்னும் பொதுவான காரணம் கூறித் தடுக்க அன்றைய அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை எனக் கண்டார். தாம் முன்பு நீதிபதியாக இருந்த சென்னையின் அரசு விதித்த தடையைத் தாமே நீக்கினார்.

மத்திய அரசுக்கு இது உவப்பாக இல்லை. 1951இல் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பொது அமைதியும் தடைக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது. ஆனால் தடை நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் உடன் சேர்ந்தது. நிலச் சீர்திருத்தம் பற்றிய பகுதிகளும் அதே திருத்தத்தில் இருந்தன. அவற்றை எதிர்த்து நிலக்கிழார் தொடுத்த வழக்கு சாஸ்திரி இருந்த அமர்வுக்கு வந்தது. தம் தீர்ப்பின் பயனைக் குறைத்த திருத்தச் சட்டம் ஆயிற்றே என அவர் எண்ணவில்லை. அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று, நீதிபதிகள் அனைவரும் உடன்பட்ட தீர்ப்பை அவரே எழுதினார்.

அடுத்த மாதமே, தலைமை நீதிபதி கனியா திடீரென மறைந்தார். 1951 நவம்பர் 7 அன்று சாஸ்திரி இந்தியாவின் இரண்டாம் தலைமை நீதிபதியானார்.

‘நியாயமான’ என்னும் சொல்லின் எடையை 1952 மார்ச்சில் அவர் காட்டினார். சென்னையில் இயங்கிய மக்கள் கல்விக் கழகத்தைச் சட்டவிரோதமானது என மாநில அரசு அறிவித்திருந்தது. அக்கழகத்தின் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பறிக்கும்போது, அரசு கூறும் காரணம் சரிதானா என்று ஒரு நீதிமன்றம் ஆராய வழியே இல்லையெனில் அத்தடை நியாயமாகாது என்றார் சாஸ்திரி. நீதிமன்றம் சட்டமன்றத்தோடு போரிட விரும்பவில்லை. உரிமைகளுக்குக் காவல் நிற்கும் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்றும் விளக்கினார். அரசின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

65 வயது நிறைவதற்கு முதல் நாள், 1954 ஜனவரி 3 அன்று, அவர் ஓய்வு பெற்றார். 1963 மார்ச் 16 அன்று மறைந்தார். வி. ஜி. ராவ் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பை வழக்குரைஞர்கள் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டி வருகின்றனர்.