கொசுவைப் பிடித்தவரும் கணக்கைப் பிடித்தவரும்
ஸர் ரொனால்டு ராஸின் வாழ்க்கை

ஐதராபாத்துக்குப் படிக்க வரும் நம் மாணவ நண்பர்கள் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் காணத் தவறுவதில்லை. ஆனால் பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்துக்கு அருகே நிற்கும் ஒரு சிறு கட்டடத்தைத் தேடிச் சென்றவர் நம்மில் எத்தனை பேர்? மலேரியாக் காய்ச்சல் கொசுவின் வழியாகப் பரவுகிறது என்பதற்கு முதல் சான்று கிடைத்த இடம் அதுதான். அந்தச் சான்றைக் கண்டவர் ரொனால்டு ராஸ். அவர் கொசுவைப் பிடித்த கதையைப் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். கணக்கைப் பிடித்த கதையை அறிந்தவர் மிகச் சிலர். பொதுச் சுகாதாரத்துக்கு அவர் செய்த உதவியில் பெரும் பங்கு அந்த இரண்டாவது கதையில்தான் அடங்கியிருக்கிறது.

ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை இந்தியப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளில் ராஸ் மூத்தவர். எட்டு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவருக்கு ஓவியத்திலும் கவிதையிலும் இசையிலும் நாட்டம் மிகுதி. தந்தையோ, மகன் மருத்துவராகி இந்திய மருத்துவப் பணியில் சேரவேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். விருப்பமில்லாமல் படித்து, 1881-இல் அப்பணியில் சேர்ந்து, ராஸ் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

சென்னை மாகாணத்துப் பட்டாளத்தில் வேலை குறைவு, பொழுது அதிகம். அந்தப் பொழுதை அவர் வீணாக்கவில்லை. கவிதையும் நாவலும் எழுதினார். அவற்றோடு, பள்ளி நாட்களில் பாதியில் விட்டுவந்த கணிதத்தை நூல்களை வாங்கிவைத்துத் தாமே கற்றார். ஆசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. மருத்துவருக்குக் கணிதம் எதற்கு என்று உடனிருந்தவர்கள் எண்ணியிருக்கலாம். அந்தக் கல்வி இருபது ஆண்டுகள் கழித்துப் பயன் தந்தது.

1883-இல் பெங்களூரில் அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை பொறுக்கமுடியவில்லை. வெளியே இருந்த ஒரு தண்ணீர்ப் பீப்பாயில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்துவிட்டார். கொசுக்கள் குறைந்தன. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை அவர் அப்போது அறியார்.

1894-இல் விடுமுறையில் லண்டன் சென்றபோது பாட்ரிக் மான்சன் என்ற பேரறிஞரைச் சந்தித்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளரக்கூடும் என்ற கருத்தை மான்சன் அவர் மனத்தில் விதைத்தார். அடுத்த ஆண்டு ராஸ் செகந்தராபாத்துக்கு வந்து, நோயாளிகளைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான கொசுக்கள், ஒன்றிலும் எதுவும் இல்லை. காரணம், அவை மலேரியாவைச் சுமக்காத வேறு இனங்கள். இடையில் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். நீலகிரிப் பக்கம் ஆராய்ச்சிக்குச் சென்ற இடத்தில் அவரையே மலேரியா பற்றிக்கொண்டது.

1897 ஆகஸ்டில் மீண்டும் செகந்தராபாத். இம்முறை உதவியாளர் ஒருவர் புது வகைப் புழுக்களைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து புள்ளிச் சிறகுடைய பழுப்புக் கொசுக்கள் வெளிவந்தன. ஹுசேன் கான் என்ற நோயாளியை அவை கடிக்க விடப்பட்டன. கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. உலக மருத்துவத்தின் பாதையை மாற்றிய இரத்தத்துக்கு விலை அவ்வளவுதான்! ராஸின் பெயர் உலகெங்கும் பரவியது. ஹுசேன் கானின் பெயரை நினைப்பவர் அரியர். ஆகஸ்டு 20-ஆம் நாள், புழுக்கத்தில் பங்காவையும் நிறுத்திவிட்டு, வியர்வையால் துருவேறிய மைக்ராஸ்கோப்பில் ராஸ் குனிந்தார். கொசுவின் வயிற்றுச் சுவரில் கரும்பொடி நிறைந்த உயிரணுக்கள் தெரிந்தன. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே உயிரணுக்கள், சற்றுப் பெருத்திருந்தன. முன்பு அறுத்த நூற்றுக்கணக்கான கொசுக்களில் இல்லாதது இந்த இரண்டில் இருந்தது. அதுவும் நாளுக்கு நாள் வளர்ந்தது. இந்த ஒப்பீடுதான் அவருக்கு உறுதி தந்தது. வீண் என்று தோன்றிய பழைய குறிப்பேடுகளே இப்போது சாட்சி கூறின.

அடுத்த மாதமே அரசாங்கம் அவரை ராஜபுதனத்திலுள்ள கேர்வாராவுக்கு மாற்றியது. ஆராய்ச்சி நின்றது. 1898-இல் கல்கத்தாவுக்கு வந்து பறவைகளில் ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது புதிய உடலில் புகுகிறது என்று நாட்டினார். மனித மலேரியாவில் இதை முழுமையாகக் காட்டியவர்கள் கிராஸியும் அவருடைய இத்தாலியத் தோழர்களும். கண்டுபிடிப்பு யாருக்கு உரியது என்ற பூசலில் ராஸ் கடுஞ்சொற்களை அள்ளி வீசினார். அது அவர் பெருமைக்கு அழகு சேர்க்கவில்லை. 1902-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

பரிசு கிடைத்தது, காய்ச்சல் ஒழிந்ததா? இல்லை. ராஸின் இரண்டாவது போராட்டம் இங்கே தொடங்குகிறது. கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்றார் அவர். சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில் அவ்வாறே செய்தார்கள். 1902-இல் 1,551 பேருக்கு இருந்த காய்ச்சல் 1903-இல் 214 பேருக்கே வந்தது. ஆனால் லாகூரை அடுத்த மியான் மீர் பாசறையில் நடத்திய சோதனை தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. ஓரிடத்தில் கொசுவை ஒழித்தாலும் சுற்றுப்புறத்திலிருந்து பறந்து வந்துவிடும் என்றார்கள். இந்திய அரசாங்கத்துக்குச் செலவைத் தவிர்க்க ஒரு காரணம் கிடைத்தது.

ராஸ் கணிதத்தை எடுத்தார். ஒரு குட்டையில் பிறந்த கொசு திசை தெரியாமல் அலைந்தால் எவ்வளவு தூரம் போகும்? பெரும்பாலானவை பிறந்த இடத்தைச் சுற்றியே திரியும் என்று 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாநாட்டில் விளக்கினார். ஆகவே, போதிய பரப்பைத் துப்புரவு செய்தால் நடுவே உள்ளவர்களுக்குப் பயன் உண்டு. மிகச் சிறு பரப்பில் செய்துவிட்டுத் தோல்வி என்பது முறையன்று. இதே கேள்வியைப் புள்ளியியல் மேதை கார்ல் பியர்சன் 1905-இல் அறிஞர் உலகின் முன் வைத்தார். இன்று நம் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் தன்போக்கு நடை என்னும் பாடத்தின் பெயர் அப்போது பிறந்தது.

1907-ஆம் ஆண்டின் இறுதியில் ராஸ் மொரீஷியஸ் தீவுக்குச் சென்றார். கரும்புத் தோட்டங்களில் நம் தமிழர் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர் பல்லாயிரவர் வாழ்ந்த தீவு அது. அங்கே அவர் குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். நூற்றுக்கு எத்தனை என்ற அந்த விகிதமே ஊரின் நோயளவைக் காட்டியது. விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். கையும் குறிப்பேடும் போதும்.

பிறகு ஒரு எளிய கணக்குப் போட்டார். ஒரு நோயாளியின் அருகே 48 கொசுக்கள் இருப்பதாகக் கொள்வோம். நான்கில் ஒன்றே மனிதனைக் கடிக்க முடிகிறது என்றால் 12 கொசுக்கள் கிருமியைப் பெறும். கிருமி முதிரும்வரை மூன்றில் ஒன்றே உயிர் வாழும், மிஞ்சுபவை 4. அவற்றில் நான்கில் ஒன்றே மீண்டும் கடிக்கும். ஆக ஒரே ஒரு புது நோயாளி. கொசுக்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், நோய் பரவும் வேகத்தைவிடக் குணமாகும் வேகம் மிகுந்து மலேரியா தானே தேய்ந்து மறையும். கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை! முடியாத காரியம் என்று கைவிட்டவர்களுக்கு, முடியக்கூடிய இலக்கை இந்தக் கணக்கு காட்டியது.

1916, 1917-ஆம் ஆண்டுகளில் ஹில்டா ஹட்ஸன் என்ற கணித அறிஞரோடு சேர்ந்து இதை மேலும் விரித்தார். விபத்தைப் போல ஒருவருக்கு நேர்வது மற்றவரைப் பொறுத்திராத நிகழ்ச்சிகள் ஒரு வகை. தொற்றுநோயைப் போல முன்பே உள்ளவர்களின் தொகையைப் பொறுத்துப் பெருகுபவை மற்றொரு வகை. கட்சிகளும் சங்கங்களும் வளர்வதுகூட இரண்டாம் வகையே என்றார். கல்வியையும் அவ்வாறு எண்ணிப் பார்க்கலாம் அல்லவா? எழுத்தறிந்த தாய் உள்ள வீட்டில் பிள்ளை படிக்கிறது. படித்தவர் ஒருவர் உள்ள தெருவில் இன்னொருவர் படிக்கிறார். எத்தனை பேர் தேறினர் என்பதோடு நில்லாமல், யாரிடமிருந்து யாருக்குக் கல்வி சென்றது என்றும் கணக்கெடுத்தால் பயன் மிகுதி.

ராஸ் 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் லண்டனில் காலமானார். பேகம்பேட் கட்டடம் பிற்காலத்தில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அவர் பெயர் தாங்கியது. அவர் சொன்ன பாடத்தை நாடு இருமுறை கற்றது. 1947-இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடி என்று மதிக்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல், 1965-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கியது. வெற்றி வந்துவிட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது; மருந்துக்கு அஞ்சாத கொசுக்களும் பெருகின. 1976-இல் நோயாளிகள் 64 லட்சத்துக்கு மேல்!

ஏட்டிலுள்ள எண் ஒவ்வொன்றும் காய்ச்சலில் நடுங்கிய ஒரு மனித உடல். கணிதமும் புள்ளியியலும் மருத்துவமும் பயிலும் நண்பர்கள் ஒரு மாலைப் பொழுதில் பேகம்பேட்டுக்குச் சென்று வாருங்கள். உங்கள் பாடங்கள் மூன்றும் ஒரே மனிதரிடம் கைகோத்து நின்றதை அங்கே நினைத்துப் பாருங்கள்.