ஓசைக்கு அஞ்சிய பேரறிஞர்

ஆங்கில இலக்கியம் பயில்வோர் தாமஸ் கார்லைல் என்னும் பெயரைக் கேட்டிருப்பர். பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை அனல் பறக்க எழுதியவர். வீரர் வழிபாடு பற்றி 1840ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் சொற்பொழிவுகள் ஆற்றிப் பெரும்புகழ் பெற்றவர். ஆட்சியாளர்களையும் செல்வந்தர்களையும் அஞ்சாது சாடிய இப்பெரியார் ஓர் உயிரிடம் மட்டும் தோற்றுப் போனார். அது அடுத்த வீட்டுச் சேவல்!

கார்லைல் 1795ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் எக்கிள்ஃபெக்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கல் வேலை செய்யும் கொத்தனார். வறுமையிலும் மகனை எடின்பரோ பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். 1826ஆம் ஆண்டில் கார்லைல், ஹாடிங்டன் நகர மருத்துவர் ஒருவரின் ஒரே மகளான ஜேன் வெல்ஷ் என்னும் அறிவிற் சிறந்த மங்கையை மணந்தார். சிறு வயதிலேயே இலத்தீன் மொழி கற்ற பெண் அவர். மணமான சில ஆண்டுகளில் இருவரும் மனித நடமாட்டமே அரிதான ஒரு பண்ணை வீட்டிற்குக் குடியேறினர். ஆறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தனர். கார்லைலுக்கு வேண்டிய அமைதி அங்கே கிடைத்தது. ஜேனுக்குப் பேச்சுத் துணைதான் கிடைக்கவில்லை.

1834ஆம் ஆண்டில் லண்டனுக்கு வந்தார்கள். தேம்ஸ் நதிக்கு அருகே செல்சி பகுதியில், செய்னி ரோ என்ற தெருவில், ஆண்டுக்கு 35 பவுன் வாடகையில் ஒரு வீடு அமைந்தது. இருவரும் இறுதி வரை அவ்வீட்டை விட்டு நீங்கவில்லை. மறு ஆண்டே ஒரு பேரிடி விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சி நூலின் முதற் பகுதியை வாசித்துப் பார்க்க நண்பர் ஜான் ஸ்டுவர்ட் மில் வாங்கிச் சென்றார். அந்தக் கையெழுத்துப் பிரதி வேண்டாத காகிதம் என்று எண்ணப்பட்டு அடுப்பில் எரிந்து போயிற்று. கார்லைல் நண்பரை ஏசவில்லை. மீண்டும் உட்கார்ந்து முழுவதையும் எழுதினார். நூல் 1837இல் வெளிவந்தது. இத்துணைப் பெரிய இழப்பைத் தாங்கிய மனிதரால் ஒரு சேவலின் கூவலைத் தாங்க முடியவில்லையே என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

அந்தத் தெருவில் ஓசைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டில் சேவலும் கோழிகளும்; மற்றொன்றில் இளம்பெண் ஒருத்தியின் பியானோப் பயிற்சி. நாய்கள் குரைத்தன, கூண்டுக் கிளி கத்தியது. கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஆர்கன் பெட்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அருகிலிருந்த கிரிமோர்ன் கேளிக்கைத் தோட்டத்தில் இரவில் வாண வேடிக்கை வேறு! பரீட்சை நாட்களில் நம் வீடுகளில் குக்கர் விசிலும், மிக்சியும், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்து படுத்தும் பாட்டை எண்ணிப் பாருங்கள், தோழியரே. கார்லைலின் துன்பம் ஓரளவு விளங்கும். சில பிள்ளைகள் திருவிழாக் கூட்டத்தின் நடுவிலும் பாடம் படிப்பார்கள். சிலருக்கோ சுவர்க் கடிகாரத்தின் ஓசை கூடப் போதும், ஒரு வரியும் மனத்தில் ஏறாது. கார்லைல் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். உறக்கமும் செரிமானமும் வாழ்நாள் முழுவதும் அவருக்குச் சரியாக வாய்த்ததில்லை. அதனால் காதுகள் மேலும் கூர்மையாயின.

இந்தப் போரில் படைத்தலைவர் கார்லைல் அல்லர்; ஜேன் அம்மையார்தான். பியானோ வாசித்த பெண்ணிடம் நயமாகச் சொல்லியனுப்பி, எழுதும் நேரமாகிய காலைப் பொழுதில் அவள் வாசிப்பதை நிறுத்தினார்கள். கோழி வளர்த்தவர்களிடம் தூது போனவர் அம்மையார். சேவலை அடைத்து வைக்கும்படி வேண்டினார். விற்றுவிட்டால் பணம் தருவதாகவும் பேசிப் பார்த்தார். ஒரு சேவல் போனால் சில மாதங்களில் வேறொரு வீட்டில் இன்னொன்று வந்து சேரும். தொல்லை முற்றிய போது அடுத்த வீட்டையே வாடகைக்கு எடுத்துப் பூட்டி வைத்துவிடலாமா என்று கூட இருவரும் யோசித்தார்கள்!

கடைசியில் 1853ஆம் ஆண்டில் வீட்டின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஓசை நுழையாத அறை ஒன்று கட்டுவதென முடிவாயிற்று. இரட்டைச் சுவர்கள் எழுப்பி நடுவில் காற்று நிற்க இடம் விட்டார்கள். பக்கங்களில் திறந்த சன்னல் கிடையாது. வெளிச்சத்திற்கு மேற்கூரையில் கண்ணாடிச் சாளரம் மட்டுமே. ஏறத்தாழ 170 பவுன் செலவாயிற்று. அதாவது ஐந்து ஆண்டு வாடகைக்கு நெருங்கிய தொகை. வேலை நடந்த பல நாட்கள் கார்லைல் வெளியூரில் நண்பர் இல்லத்தில் தங்கிக் கொண்டார். தூசியிலும் சுத்தியல் ஓசையிலும் வீட்டைக் காத்தவர் ஜேன் அம்மையார். ஒரு நாள் வேலையாள் ஒருவர் மேல்தளத்தைப் பொத்துக் கொண்டு அவர் இருந்த அறைக்குள்ளேயே விழுந்தார். அம்மையார் மயிரிழையில் தப்பினார். ஓசைக்குப் பயந்தவர் ஓடிப் போக, அந்த ஓசையை எல்லாம் உடல்நலம் குன்றிய ஒரு பெண் கேட்டுக் கொண்டிருந்தார் என்பதைப் படித்த போது எனக்குச் சற்றுக் கோபமே வந்தது.

அவ்வளவு பாடுபட்டும் அறை பலன் தந்ததா? இல்லை. தெருவின் சந்தடி ஓரளவு குறைந்தது உண்மைதான். ஆனால் கூரைச் சாளரம் வானத்தை நோக்கி இருந்தது. அதன் வழியே தொலைதூரத்து இரயில் ஊதலும், ஆலயமணிகளும், நதியில் செல்லும் நீராவிப் படகுகளின் ஒலியும் இறங்கி வந்தன. அருகிலுள்ள ஒலிகள் அடங்கியதால் தொலைவில் உள்ளவை முன்னிலும் துலக்கமாகக் கேட்டன. கூரையை ஒட்டிய அறையாதலால் கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் குளிரும் வாட்டின. கார்லைல் கட்டியவர்களைத் திட்டினார். ஆனால் எழுதுவதை விடவில்லை. பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக்கின் வரலாறு, ஆறு பாகங்கள், 1858 முதல் 1865 வரை வெளிவந்தது. பெரும்பகுதி அந்த அறையில் எழுதியதுதான். நூல் முடிந்ததும் அறையைக் கைவிட்டார். அது பணிப்பெண் உறங்கும் அறையாயிற்று. அவளுக்கு அங்கே நல்ல உறக்கம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இடையில் 1864ஆம் ஆண்டில் தெரு வாத்தியக்காரர்களைக் கட்டுப்படுத்த இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. அதற்காகக் கையொப்பமிட்டு வேண்டியவர்களில் சார்லஸ் டிக்கன்ஸும் டென்னிசனும் கார்லைலும் இருந்தனர். ஆகவே இது ஒரு முதியவரின் சிடுசிடுப்பு மட்டும் அன்று. வயிற்றுப் பிழைப்புக்காக ஆர்கன் சுழற்றிய ஏழைகளின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறப்பதற்கில்லை.

ஜேன் அம்மையாருக்கும் தலைவலியும் தூக்கமின்மையும் இருந்தன. ஆனால் அவரை வாட்டியது சேவல் அன்று. எங்கே ஓர் ஓசை எழுமோ, அதைக் கேட்டு மாடியறையில் கணவர் கட்டிலை விட்டுத் துள்ளி எழுவாரோ என்று காத்துக் கிடப்பதே அவருக்குப் பெரும் வேதனை. கார்லைல் ஊரில் இல்லாத நாட்களில் அதே சேவல் கூவினாலும் அவரை அவ்வளவாக அது வருத்தியதில்லை. இதையெல்லாம் அவர் நகைச்சுவை ததும்பத் தோழியருக்கும் உறவினருக்கும் கடிதங்களில் எழுதினார். கணவரிடம் முறையிட்டது குறைவு.

1866ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கார்லைல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ரெக்டராகப் பதவியேற்றுச் சொற்பொழிவாற்றச் சென்றார். பெரும் பாராட்டு கிடைத்தது. அவர் ஸ்காட்லாந்திலேயே தங்கியிருந்த போது, 21ஆம் நாள் பிற்பகலில் ஜேன் அம்மையார் குதிரை வண்டியில் ஹைட் பூங்காவிற்கு உலவச் சென்றார். அங்கே அவருடைய சிறு நாய் வேறொரு வண்டியில் அடிபட்டது. இறங்கி ஓடி அதைத் தூக்கி வந்து தம் வண்டியில் வைத்துக் கொண்டார். வண்டி மேலும் சில சுற்றுகள் சென்றது. உள்ளிருந்து ஒரு சொல்லும் வராததால் ஓட்டுநர் ஐயுற்றுப் பார்த்த போது, அம்மையார் அமர்ந்தபடியே உயிர் நீத்திருந்தார்.

பின்னர் கார்லைல் மனைவியின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் எடுத்துப் படித்தார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் தாம் கேளாமல் விட்டது எவ்வளவு என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மனம் உடைந்து கதறினார். அக்கடிதங்களைத் தேடித் தொகுத்துக் குறிப்புகள் எழுதுவதில் நாட்களைச் செலவிட்டார். தம் குறைகளைச் சொல்லும் பகுதிகளையும் அவர் மறைக்க முற்படவில்லை. 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அதே வீட்டில் காலமானார். கடிதங்கள் 1883இல் நூலாக வெளிவந்தன. சேவல், பியானோ, கொத்தனார் கதைகளை எல்லாம் நாம் அறிவதற்கு அவையே பெரிதும் காரணம். செய்னி ரோ வீடு 1895 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. மாடிப்படி ஏறிச் செல்வோர் கூரையடியில் அந்த அறையை இன்றும் காணலாம்.