உள்ளத்தில் எழுந்த திருக்கோயில்

தொண்டை நன்னாட்டுத் திருநின்றவூரில் மறையவர் குலத்தில் அவதரித்தவர் பூசலார் நாயனார். சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விழைந்து எங்கும் பொருள் தேடினார், சிறிதும் கிட்டவில்லை. வருந்தினார்; ஆயினும் வாளா இருந்தாரில்லை. பொருளையும் கருவிகளையும் தச்சரையும் மனத்திலேயே கூட்டி, நல்ல நாளில் ஆகம முறைப்படி பணி தொடங்கினார். இரவிலும் கண்துயிலாது, உபானம் முதல் சிகரம் வரை நினைவினாலேயே கட்டி முடித்தார்; மதிலும் திருக்குளமும் அமைத்துப் பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார்.

அந்நாளையே காஞ்சியில் காடவர்கோனும் தன் கற்றளிக்குக் குறித்திருந்தான். அக்கற்றளி, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கயிலாசநாதர் ஆலயம் என்பர் ஆராய்ச்சியாளர். முதல்நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலார் ஆலயத்தில் தாம் புகவிருப்பதால் வேறொரு நாள் கொள்ளுமாறு பணித்தருளினார். மன்னன் நின்றவூர் சென்று வினவினான். கோயிலைக் கண்டவர் எவருமிலர். அன்பரையே அணுகிக் கேட்க, அவர் அஞ்சி வியந்து உண்மையை உரைத்தார். முடியுடை வேந்தன் நிலமிசை வீழ்ந்து வணங்கி மீண்டான்.

செம்பாக்கத்திற்குத் தொலைவில்லாத குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான், 12ஆம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் அருளினார். நின்றவூரில் இருதயாலீசுவரர் ஆலயம் இன்றும் விளங்குகின்றது. திருப்பணியில் பொருள் முட்டி மனம் தளரும் வேளையில், வெறுங்கையுடன் குடமுழுக்குக்கு நாள் குறித்த அப்பெரியாரை அன்பர்கள் நினைப்பார்களாக.