தரையிலேயே பறக்கக் கற்றுத் தந்தவர்

எட்வின் லிங்க் (1904 – 1981)



பால்வெட்டுப் பழக வருகிறவர் கையில் முதல் நாளே நல்ல மரத்தைக் கொடுப்பார்களா? மாட்டார்கள். அழிக்கப் போகிற கிழட்டு மரத்தைத்தான் காட்டுவார்கள். உளி ஆழமாக இறங்கிப் பட்டை காயப்பட்டாலும் யாருக்கும் பெரிய நட்டமில்லை. கை பழகிய பிறகுதான் நல்ல மரம் கிடைக்கும். இது நம் தாத்தா பாட்டிமார் அறிந்த பாடம்.

ஆனால், ஆகாய விமானம் ஓட்டப் பழகுகிறவனுக்குக் கிழட்டு மரம் எங்கே இருக்கிறது? மேலே போய்த் தப்புச் செய்துவிட்டால், அதைத் திருத்திக்கொள்ள ஆள் மிஞ்ச மாட்டானே! இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர்தான் அமெரிக்கரான எட்வின் லிங்க். இன்று சில வீடுகளில் பிள்ளைகள் கணினியின் முன் உட்கார்ந்து, போயிங் விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வழி திறந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

இசைக்கருவிப் பட்டறையில் ஒரு பையன்

எட்வின் லிங்க் 1904-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தந்தையார் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் நொடித்துப்போன இசைக்கருவித் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார். அங்கே தானாக வாசிக்கும் பியானோக்களும், பெரிய ஆர்கன்களும் செய்தார்கள். ஆர்கன் என்றால், நம் பஜனையில் வைத்து வாசிக்கிறோமே ஆர்மோனியம், அதற்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருத்தியும் காற்றும்தான் அதற்கு உயிர். பேசாத படங்கள் ஓடிய அந்தக் காலத்தில், படக் கொட்டகைகளில் பின்னணி இசைக்கு இந்த ஆர்கன்களைத்தான் வாசித்தார்கள்.

பையனோ பல பள்ளிகள் மாறிப் படித்தவன். புத்தகத்தைவிட ஸ்பானரும் திருப்புளியும்தான் கைக்குப் பிடித்தன. தந்தையின் பட்டறையில் ஆர்கன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான்.

1920-ஆம் ஆண்டில் 16 வயது லிங்க், கலிபோர்னியாவில் முதன்முதலாக விமானப் பாடத்துக்குப் போனார். கட்டணம் 50 டாலர். அன்றைக்கு அது ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. பாடம் சொல்ல வந்தவர் விமானத்தை மேலே கொண்டு போய்க் குட்டிக்கரணம் அடித்துக் காட்டி இறக்கிவிட்டார். அந்த நேரம் முழுவதும் பையனின் கை விமானத்தின் பிடியில் ஒரு தடவைகூடப் படவில்லை. பாடம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

வேறொருவனாக இருந்தால் காசு போச்சே என்று திட்டிவிட்டு மறந்திருப்பான். லிங்க் மறக்கவில்லை. காசில்லாதவன் பறக்கக் கற்கவே முடியாதா, தரையிலேயே கற்க வழியில்லையா என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊறிக்கொண்டே இருந்தது.

துருத்தியின் மேல் ஒரு விமானம்

1927-ஆம் ஆண்டு வாக்கில் தந்தையின் தொழிற்சாலை நிலவறையில் வேலையைத் தொடங்கினார். மரத்தால் சின்ன விமான உடல். அதில் ஒருவர் உட்காரும் இடம். இரண்டு பக்கமும் குட்டை இறக்கைகள். அடியில் ஆர்கன் துருத்திகள்! மின்சாரப் பம்பு ஒன்று துருத்திகளின் காற்றை உறிஞ்சும். உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் வால்வுகள் திறந்து மூடும். ஒரு துருத்தி சுருங்கும், எதிர்த்துருத்தி விரியும். பெட்டி மூக்கை உயர்த்தும், தாழ்த்தும், இடம் வலம் சாயும். காலால் மிதித்தால் திரும்பும். உட்கார்ந்தவருக்கு விமானத்தில் இருப்பது போலவே தோன்றும்.

புதிதாக வானத்திலிருந்து எதையும் அவர் கொண்டு வரவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சுற்றிக் கிடந்த துருத்தி, வால்வு, பம்பு ஆகியவற்றையே எடுத்தார். தனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே தெரியாத தொழிலுக்குப் பாலம் போட்டார்.

1929-இல் கருவி தயாராயிற்று. ஆனால் வாங்குவார் இல்லை! விமானப் பள்ளிகள் அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கின. கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு போட்டுப் பிள்ளைகள் ஏறி ஆடினார்கள். இதற்கிடையில் பேசும் படம் வந்து ஆர்கன் வியாபாரமும் படுத்துவிட்டது. லிங்க் மனம் தளரவில்லை. 1930-இல் சொந்தமாக விமானப் பள்ளி தொடங்கி, 85 டாலருக்குப் பறக்கக் கற்றுத் தந்தார். பாடத்தின் பெரும் பகுதி தரையில், அந்தப் பெட்டிக்குள். 1931-இல் மேரியன் கிளேட்டன் என்ற செய்தியாளரை மணந்தார். அன்றிலிருந்து வரவு செலவு பார்த்தவர் அந்த அம்மையார்தான்.

மூடுபனியில் வந்த மனிதர்

ராட்டினத்தில் சுற்றிவிட்டு இறங்கிக் கண்ணை மூடி நின்றால் என்ன ஆகும்? நாம் நேராக நின்றாலும் உலகம் சுற்றுவது போல இருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நம்மை ஏமாற்றுகிறது. மேகத்துக்குள் புகுந்த விமானிக்கும் இதே கதிதான். விமானம் சாய்ந்து கீழே போகும்போதும் நேராகப் போவதாகவே உடம்பு சொல்லும். அப்போது உடம்பை நம்பக் கூடாது. எதிரில் உள்ள கருவி முட்களைத்தான் நம்ப வேண்டும். இது சொன்னால் வராது, பழகினால்தான் வரும்.

1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களின் விமானத் தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அந்த வேலையை இராணுவத்திடம் கொடுத்தது. குளிர் காலம். பனியும் மேகமும். இளம் விமானிகளுக்குக் கருவியைப் பார்த்துப் பறக்கும் பழக்கம் போதவில்லை. சில வாரங்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

அப்போதுதான் இராணுவத்துக்கு லிங்க் நினைவு வந்தது. நூவர்க் விமானத் தளத்தில் அதிகாரிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஒரே மூடுபனி. இந்த நிலையில் யார் வரப் போகிறார் என்று அவர்கள் கிளம்ப இருந்த நேரம், பனிக்குள்ளிருந்து விமானச் சத்தம் கேட்டது. லிங்க் பத்திரமாக வந்து இறங்கினார். அதற்கு மேல் விளக்கம் எதற்கு? தலா 3,500 டாலர் விலையில் ஆறு பெட்டிகளை இராணுவம் வாங்கியது.

பெட்டிக்கு மூடி போட்டார்கள். உள்ளே இருப்பவருக்குக் கருவி முட்களைத் தவிர ஒன்றும் தெரியாது. வெளியே ஆசிரியரின் மேசையில், மை தோய்ந்த சிறு சக்கர வண்டி ஒன்று வரைபடத்தின் மேல் ஊர்ந்து, மாணவன் போன வழியைக் கோடாகப் போட்டுக் காட்டும். வழி தவறினால் கோடு சொல்லிவிடும். பிறகென்ன, மறுபடியும் முதலிலிருந்து!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட லிங்க் பெட்டிகள் செய்யப்பட்டன. 5 லட்சத்துக்கும் அதிகமான விமானப் படையினர் அவற்றில் பயின்றார்கள். போருக்கு முன்பே, 1935-இல், ஜப்பானியரும் இதை வாங்கியிருந்தார்கள். கருவிக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதன் கையில்தான்.

கடலும் ஒரு தந்தையும்

1954-இல் லிங்க் தம் நிறுவனத்தை விற்றார். ஓய்வெடுக்கவில்லை. கடலடி ஆராய்ச்சியில் இறங்கினார். 1962-இல் தாமே வடிவமைத்த உருளைக்குள், 60 அடி ஆழத்தில் 8 மணி நேரம் இருந்து காட்டினார். அப்போது அவருக்கு வயது 58. பிறகு ஆட்களை ஏற்றிச் செல்லும் நீர்மூழ்கி ஒன்றையும் அமைத்தார்.

1973-ஆம் ஆண்டு ஜூன் மாதம், புளோரிடாக் கடலில் அந்த நீர்மூழ்கி, மூழ்கிக் கிடந்த பழைய போர்க்கப்பலின் சிதைவில் சிக்கிக்கொண்டது. நான்கு பேர் உள்ளே. ஒரு நாளுக்கு மேல் போராடித்தான் மேலே எடுக்க முடிந்தது. பின்னறையில் குளிர் ஏறியதால், மூச்சுக் காற்றைச் சுத்தம் செய்யும் இரசாயனப் பொருள் சரியாக வேலை செய்யவில்லை. அங்கிருந்த இருவரும் இறந்துவிட்டார்கள். ஒருவர் லிங்கின் மகன் கிளேட்டன். வயது 31.

எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளை ஆகாயத்தில் காப்பாற்றியவருக்கு, சொந்தப் பிள்ளையை, தாம் செய்த கருவிக்குள்ளேயே பறிகொடுக்கும் விதி. இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. அந்தத் தந்தை என்ன செய்தார் தெரியுமா? 68 வயதில் மறுபடியும் வரைபடத்தின் முன் உட்கார்ந்தார். கடலடியில் சிக்கிக்கொள்ளும் நீர்மூழ்கியை, ஆள் இறங்காமலே தேடி விடுவிக்கும் மீட்புக் கருவியை உருவாக்கினார். இனி இன்னொரு வீட்டில் இப்படி இழவு விழக் கூடாது என்பதே அவர் கவலை.

1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், 77-ஆவது வயதில் பிங்காம்டனில் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்?

அவர் மறைவதற்குச் சிறிது காலம் முன்புதான், வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் முதல் நிரல்கள் விற்பனைக்கு வந்தன. வெறும் கோடுகளால் ஆன மலையும் தரையும். இன்று சிப்பாங் ஓடுபாதையும் மழை மேகமும் அச்சாகத் திரையில் தெரிகின்றன. விமான நிறுவனங்களின் விமானிகளும் பெரிய சிமுலேட்டர்களில் ஏறி, எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். உண்மை விமானத்தில் எஞ்சினை நிறுத்திப் பழக முடியுமா?

பெற்றோர்களே, பிள்ளை கணினியில் விமானம் ஓட்டினால் உடனே அடிக்கப் போகாதீர்கள். வேகம், உயரம், திசை, எரிபொருள் எல்லாம் கணக்குப் போட்டு ஓட்டுகிறானா, சும்மா மோதி உடைத்துச் சிரிக்கிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் வகை என்றால் அது படிப்பு. அதனால் மட்டும் விமானி ஆகிவிட முடியாது. ஆனால் ஆசைக்கு அது நல்ல விதை. கணினி வாங்க வசதியில்லையா? கவலை வேண்டாம். லிங்க் தொடங்கியது பழைய துருத்தியில்தான்.

பள்ளிக்கூடமும் அந்தப் பெட்டி போலத்தான். இங்கே கணக்குத் தப்பினால் அழித்துப் போடலாம். எழுத்துப் பிழைத்தால் திருத்தலாம். யாரும் சாகப் போவதில்லை. ஆகையால், தப்பு வந்துவிடுமோ என்று பயந்து கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, கையைத் தூக்குங்கள்! தப்பாகவே சொல்லுங்கள்! திருத்தத்தானே நாங்கள் இருக்கிறோம்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காத செல்வங்களுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து. உங்கள் கோடு கொஞ்சம் வளைந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம்.